ஏழாம் வார்டின் தலைக்கணக்கு

வங்கதேசத்து ஜமுனா ஆறு ஒரு வார்டை விழுங்க எத்தனை நாள் ஆகும் என்று யாராவது கேட்டால், ஷாஹேரா பானு யோசிக்காமல் பதினெட்டு நாள் என்று சொல்வாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் கண்ணெதிரே நடந்தது அது. காஜிர்பாடா ஊராட்சியின் ஏழாம் வார்டு அப்போது ஆற்றின் நடுவே பெரிய திட்டாக இருந்தது. பள்ளிவாசல், தகரக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம், செவ்வாய்ச் சந்தை, கண்ணுக்கெட்டிய தூரம் மிளகாயும் மக்காச்சோளமும். பதினெட்டாம் நாள் மாலையில் மேற்கோரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு மணல் துண்டு மட்டும் மிஞ்சியது. ஜனங்கள் தகரத்தையும் மூங்கிலையும் மாட்டையும் படகில் ஏற்றிக்கொண்டு, கிழக்கே இரண்டு வருடமாக மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்த புதிய திட்டில் போய் இறங்கினார்கள். நாணலை வெட்டி, மண்மேடு கட்டி, அதன்மேல் வீட்டை நட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று குடும்பம். மற்றவர்கள் டாக்கா பக்கம் தையல் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போய்விட்டார்கள்.

குடியேறிய மறுவருடமே ஊராட்சித் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலில் எல்லாருக்கும் பழைய முகவரியே இருந்ததால் ஓட்டுப் போட எந்தத் தடையும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது வார்டுகளுக்குச் சேர்த்துப் பெண்களுக்கென ஒதுக்கிய இடத்தில் ஷாஹேரா கொக்குச் சின்னத்தில் நின்று ஜெயித்தாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள், முப்பத்தெட்டு வயது, கடலை பிடுங்குவதிலும் வாய் பேசுவதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று புதுத்திட்டில் சொல்வார்கள். மெம்பரானதும் முதல் வேலையாக ஒரு பள்ளிக்கூடம் கேட்டு மனுப் போட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: 'குறிப்பிட்ட இடத்தில் குடியிருப்பு எதுவும் இருப்பதாகப் பதிவு இல்லை.'

அந்தக் கடிதத்தை அவள் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தாள். தலைவர் லத்தீப் பேபாரி வெற்றிலையைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"உன் வார்டுதான் தண்ணியில போயிடுச்சே ஷாஹேரா. மீனுக்கா பள்ளிக்கூடம் கட்டச் சொல்றே?"

மற்ற மெம்பர்களும் சிரித்தார்கள்.

"ஓட்டு கேக்க வந்தப்ப எங்க கையில கோழிச்சோறு வாங்கித் தின்னீங்களே தலைவரே, அப்ப நாங்க மீனுன்னு தெரியலையா?"

சிரிப்பு அப்படியே நின்றது. பேபாரிக்கும் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. "கோவிச்சுக்காதே. கணக்கெடுப்பு வரப்போகுதுல்ல, அதுல உங்க தலை ஏறட்டும். தலை ஏறிட்டா மத்தது எல்லாம் தன்னால வரும்" என்றார்.

அன்றிலிருந்து ஷாஹேரா பெருநாளுக்குக் காத்திருப்பதுபோல மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திருந்தாள். வீடு வீடாகப் போய் எல்லாருடைய அடையாள அட்டையையும் எடுத்து வைக்கச் சொன்னாள். பிறந்த குழந்தைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்தாள்.

கணக்கெடுப்பு ஏழு நாள். மூன்றாம் நாள் காலையில் லைலி என்ற கணக்கெடுப்பாளர் புதுத்திட்டில் வந்து இறங்கினாள். மேற்குக் கரையில் மதரசா ஒன்றில் சம்பளம் நிச்சயமில்லாத வாத்தியார் வேலை பார்க்கிறவள். கழுத்தில் அட்டை, கையில் கணினிப் பலகை. அதை எல்லாரும் டேப் என்றுதான் சொன்னார்கள். ஷாஹேராவின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. லைலி வெயில் படாமல் முந்தானையால் டேப்பை மூடிக்கொண்டு தட்டினாள். மறுபடியும் தட்டினாள். நாலடி தள்ளிப்போய் நின்று தட்டினாள்.

"மெம்பரக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதுல இங்க தண்ணின்னு காட்டுது."

"எங்க தண்ணி?"

"நாம நிக்கிற இடத்துலதான்."

ஷாஹேரா எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க நீலம். நீலத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.

"இந்தப் புள்ளி என்னது?"

"அது நான்தான் அக்கா. ஆத்துக்குள்ள நிக்கிறேன்னு சொல்லுது. கோட்டுக்கு வெளியே இருக்கறதால வீட்டுக் கணக்கைத் திறக்கவே மாட்டேங்குது."

அவள் விரலால் திரையைத் தள்ளிக் காட்டினாள். மேற்கே, நீலத்துக்கு நடுவில், பெரிய பச்சைத் திட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் ஏழாம் வார்டு என்று எழுதியிருந்தது. ஆறு தின்று நான்கு வருடமான பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் அதில் அப்படியே இருந்தன. ஆறு தின்பதற்கு முன்னால் வரைந்த படம் அது.

கூட்டத்திலிருந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதை எட்டிப் பார்த்தார்கள். சகினா என்பவள் தன் பழைய வீடு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று திரையைத் தொட்டுவிட்டாள். படம் எங்கோ ஓடிப்போய்விட்டது. லைலி பதறிப்போய் அதைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

மறுநாள் ஷாஹேரா புருஷனோடு படகில் கிளம்பினாள். புருஷன் தொயோப் அலி எஞ்சின் படகு ஓட்டுகிறவன். ஷோல்மாரி வட்டாரத் தலைமையகம் மேற்குக் கரையில் இருந்தது. கணக்கெடுப்பு அதிகாரி மஃபிஜுல் சார் நல்ல மனுஷர்தான். ஆனால் பதினோரு ஊராட்சிக்கும் அவர் ஒருவர். மேஜைமேல் இருந்த இரண்டு போனும் மாறி மாறி அடித்தன. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய படத்தருகே போய் ஸ்கேலை வைத்தார்.

"இதோ பாருங்க. மாவட்ட எல்லை இந்தக் கால்வாய் வழியாப் போகுது. உங்க புதுத்திட்டு இதுக்குக் கிழக்கால முளைச்சிருக்கு. அது கிழக்குக் கரை தேவ்கோலாக்காரங்க பக்கம். அவங்கதான் எண்ணணும்."

"நாங்க உங்க ஊராட்சிக்கு ஓட்டுப் போட்டவங்க சார்."

"ஓட்டு வேற, இது வேற. என் கோட்டுக்குள்ள இல்லாத ஆளை நான் எண்ண முடியாதும்மா."

ஐந்தாம் நாள் அவர்கள் அக்கரைக்குப் போனார்கள். ஜமுனாவைக் குறுக்கே கடந்து தேவ்கோலா போய்ச் சேர அரை நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் மணலில் படகு தட்டி, தொயோப் இறங்கித் தள்ளவேண்டி வந்தது. தேவ்கோலா அதிகாரி அவள் நீட்டிய அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது மேற்குக் கரை அட்டை. வேற மாவட்டத்து ஆளை நான் எப்படிம்மா எண்ணுறது? அதோட என் படத்துலயும் அங்க ஆறுதான் இருக்கு."

"அப்ப நாங்க யாரு சார்?"

அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்காமல் எழுந்தாள். டீயைத் தொயோப் குடித்துவிட்டு வந்தான்.

திரும்பும் வழியில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே தொயோப் கத்தினான்: "மெம்பரம்மா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? விடு. இத்தனை வருஷமும் கணக்குல இல்லாமத்தானே சோறு தின்னோம்?"

"நீ தின்னே ரிக்தா அப்பா. உன் பொண்ணு உன் தங்கச்சி வீட்டு மூலையில படுத்துக் கரைப் பள்ளிக்கூடத்துல படிக்குது. போன வெள்ளத்துல நம்ம வார்டுக்கு முப்பது மூட்டை அரிசி வந்துச்சு. நூத்து நாப்பத்து மூணு வீட்டுக்கு முப்பது. யாருக்குக் குடுக்கிறதுன்னு நான்தான் சீட்டுக் குலுக்கினேன். சகினா மாமியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. மறந்துட்டியா?"

அவன் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடு ஆற்றில் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அவள் மஃபிஜுல் சாரைக் கூப்பிட்டு, தேவ்கோலாவில் நடந்ததைச் சொன்னாள். அன்று அவருக்கு யாரிடம் எத்தனை பேச்சுக் கேட்கவேண்டி வந்ததோ, எரிந்து விழுந்தார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? என் எல்லைக்குள்ள, எங்க ஒரு கூரையும் எரியுற அடுப்பும் இருக்கோ, இந்த வாரம் அதுல யார் தங்கியிருக்காங்களோ, அவங்களை எண்ணுவோம். அதுதான் விதி. ஆத்துக்குள்ள வந்து எண்ண முடியாது!"

"எல்லைக்குள்ள ஒரு கூரை, ஒரு அடுப்பு. தங்கியிருக்கணும். அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

போனை வைத்தபோது, மணல் தட்டாத ஆழம் தேடி மேற்கே சுற்றிவந்த படகு பழைய திட்டின் மிச்சத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அரை மைல் மணல், நடுவில் கொஞ்சம் நாணல், நான்கைந்து நீர்க்காகம். ஷாஹேரா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். தொயோப் அவளைப் பார்த்தான்.

"ஏய், அந்தப் பார்வை வேணாம். அந்தப் பார்வை பார்த்தேன்னா எனக்கு வேலை வரும்."

"வரும்" என்றாள்.

ஆறாம் நாள் விடிந்ததும் டீக்கடைக்கு முன்னால் எல்லாரையும் கூட்டிவிட்டாள். அவள் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கசிமுத்தீன் என்ற கிழவர் கையை உயர்த்தினார். திட்டிலேயே மூத்தவர், மகன்கள் மூவரும் டாக்காவில். தனியாக இருந்தார்.

"பதினோரு தடவை வீட்டைப் பிரிச்சிருக்கேன் தாயி. ஒவ்வொரு தடவையும் ஆறு கேட்டுச்சு, குடுத்தேன். இப்ப ஒரு பொட்டி கேக்குதுன்னு பிரிக்கணுமா?"

"வீட்டைப் பிரிக்க வேணாம் சாச்சா. வீட்டுக்கு ரெண்டு தகரம், நாலு மூங்கில், தூக்கற அடுப்பு. பழைய திட்டு மணல்ல ஒரு ராத்திரி, ஒரு பகல். நாளைக்குச் சாயங்காலம் திரும்பிடலாம்."

வெள்ளக்காலத்தில் கட்டில்மேலும் படகிலும் தூக்கி வைத்துச் சமைப்பதற்கென்று திட்டுப் பெண்கள் எல்லாரும் சின்ன மண்ணடுப்பு ஒன்று செய்து வைத்திருப்பார்கள்.

"அங்க ஒரு மறைவு கிடையாது, கக்கூஸ் கிடையாது. பொம்பளைங்க என்ன பண்றது?" என்றாள் சகினா.

"நாணலுக்குள்ள சாக்குக் கட்டிக்கலாம். ஒரு நாள்தானே."

"தண்ணி ஏறுது" என்றார் கசிமுத்தீன். "அசாம் பக்கம் கொட்டித் தீர்க்குது. நேத்து குச்சி நட்டுப் பார்த்தேன். அந்தத் துண்டு நாளன்னைக்கு இருக்குமான்னு தெரியாது."

"அதனாலதான் இன்னைக்கே போகணும்னு சொல்றேன்."

"எண்ணலைன்னா என்ன ஆயிடும்? செத்தாப் போவோம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

ஷாஹேரா அவன் பக்கம் திரும்பினாள். "சாக மாட்டோம். ஆனா அடுத்த கணக்கு பத்து வருஷம் கழிச்சு. பத்து வருஷத்துக்கு உன் புள்ளை எங்கயும் இல்லை. பள்ளிக்கூடம் கேட்டா ஆளில்லைன்னு சொல்லுவான். டாக்டர் கேட்டா ஆளில்லை. அரிசி முப்பது மூட்டைதான் வரும். நான் சீட்டுக் குலுக்க மாட்டேன். அந்த வேலையை நீ வந்து பாரு."

அவள் நேராகத் தன் சமையல் கொட்டகைக்குப் போய்க் கூரைத் தகரத்தின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினாள். தொயோப் தலையில் அடித்துக்கொண்டு சுத்தியலோடு போனான். முதலில் சகினா எழுந்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரன். அரை மணி நேரத்தில் திட்டு முழுக்கத் தகரம் அதிரும் சத்தம் கேட்டது. ஆறு கேட்டபோதெல்லாம் அழுதுகொண்டே பிரித்தவர்கள், இன்று ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு பிரித்தார்கள். "ஏலே, அந்த ஓட்டைத் தகரத்தையா எடுத்துட்டு வர்றே? சர்க்கார் பார்த்தா பொண்ணு குடுக்க மாட்டாங்கடா" என்று யாரோ கத்த, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஏழு படகு. ஒவ்வொன்றும் ஐந்தாறு நடை போய்வந்தது. மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சில ஆண்கள் முறை வைத்துக்கொண்டு புதுத்திட்டில் தங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த மணல் துண்டில் நான்கு வரிசையாகக் கொட்டகைகள் எழும்பிவிட்டன. எல்லாரும் ஒரு ராத்திரி மணலில் படுத்து எழுந்தார்கள். நல்லவேளையாக மழை வரவில்லை.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு லைலி வந்து இறங்கினாள். ஷாஹேரா முந்தின நாளே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவள் நம்பவில்லை போலிருக்கிறது. கரையில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நூற்று நாற்பத்திரண்டு கூரை, நூற்று நாற்பத்திரண்டு அடுப்பு. எல்லா அடுப்பிலிருந்தும் புகை.

"டேப்பைத் திறந்து பாருங்க" என்றாள் ஷாஹேரா.

லைலி திறந்தாள். சிவப்புப் புள்ளி பச்சைக்கு நடுவில் நின்றது. முதல் கொட்டகை முன்னால் உட்கார்ந்து தட்டினாள். வீட்டுக் கணக்கு திறந்துகொண்டது.

"குடும்பத் தலைவர் பேரு?"

"சகினா கத்தூன்" என்று குரல் வந்தது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் திடுக்கிட்டுப் பார்த்தான். "நேத்து முழுக்க மூங்கில் சுமந்தது நானு. நீ மாட்டைப் பார்த்துக்கிட்டு நின்னே" என்றாள் அவள். லைலி அப்படியே பதிந்தாள்.

ஒன்று குறைந்தது. கசிமுத்தீன் வரவில்லை. ஷாஹேரா தன் நோட்டைப் பார்த்துவிட்டுத் தொயோப்பைக் கூப்பிட்டாள். இருவரும் புதுத்திட்டுக்குத் திரும்பினார்கள். கிழவர் தன் வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றில் சுட்ட மிளகாயைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எழுந்திரிங்க சாச்சா."

"நான் ஒத்தை ஆளு தாயி. ஒருத்தன் குறைஞ்சா என்ன?"

"ஒருத்தர் குறைஞ்சா ஒருத்தர் குறைவு. எழுந்திரிங்க."

அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தத் துண்டுக்குத் தெக்காலதானே கப்ருஸ்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரி ரிக்தாவுக்குத் தலை வாரிவிடுவாளே, ஞாபகம் இருக்கா? அவளை அங்கதான் அடக்கம் பண்ணினோம். ஆறு எடுத்துட்டுப் போன அன்னைக்கு நான் கரையில நின்னு பார்த்தேன். மறுபடி அந்த மண்ணுல கால் வைக்க முடியாது. என்னைக் கூப்பிடாதே."

ஷாஹேரா அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள். அவள் அந்தப் பெண்மணியை நன்றாக அறிவாள். தன் பிரசவத்தில் கைபிடித்து உட்கார்ந்திருந்தவள். வாசலில் கிடந்த கிழவரின் சின்ன அடுப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மண்ணுல கால் வைக்க வேணாம் சாச்சா" என்றாள். "படகுலயே இருங்க. படகுல கூரை இருக்கு. அடுப்பை நான் பத்தவைக்கிறேன். தண்ணியில நின்னபடியே எண்ணிட்டு வந்திடலாம்."

"படகுல இருக்கறவனை எண்ணுவாங்களா?"

"நதியில படகு வீட்டுலயே பொறந்து சாகுற சனங்களை எண்ணலையா? உங்களை ஏன் எண்ண மாட்டாங்க?"

கிழவர் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டார். தொயோப் அவரைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினான்.

அவர்கள் திரும்பியபோது கரையில் ஒரு விசைப்படகு நின்றது. மஃபிஜுல் சார் வந்திருந்தார். லத்தீப் பேபாரிதான் போன் போட்டிருக்க வேண்டும். அவரும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். அதிகாரி முகம் சிவந்திருந்தது. லைலி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? நாடகமா போடுறீங்க? இது சர்க்கார் கணக்கு. இவங்க யாரும் இங்க குடியிருக்கறவங்க இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இதுவரை ஏத்தினதை எல்லாம் நான் தள்ளுபடி பண்ணிடுவேன்."

ஷாஹேரா, ஜனங்கள் சுற்றிக் கூடுவதைப் பார்த்துக் கையால் தள்ளிப் போகச் சொன்னாள்.

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சோம். உங்க கோட்டுக்குள்ள கூரை இருக்கா? இருக்கு. அடுப்பு எரியுதா? தொட்டுப் பாருங்க. ராத்திரி இங்கதான் தங்கினோம். கொசு கடிச்ச கையைக் காட்டச் சொல்லவா?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"நாங்க ஒரு பேச்சுக்கு வீட்டைப் பிரிக்கலை சார். இதுல எது பொய்? ஆளு பொய்யா? அட்டை பொய்யா? ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணியிருந்தாலும், இல்லாத ஒரு பேரை ஏத்தியிருந்தாலும், நானே உங்களோட போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றேன். அந்தப் பொட்டியில நாலு வருஷத்துக்கு முன்னால செத்த பள்ளிவாசல் இருக்கு. உசிரோட இருக்கற நாங்க இல்லை. அது சரின்னு நீங்க சொன்னா நாங்க போயிடறோம்."

பேபாரி குறுக்கே வந்தார். "ஷாஹேரா, சார்கிட்ட இப்படிப் பேசக்கூடாது."

"நீங்க பேசியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன் தலைவரே."

மஃபிஜுல் சார் கொட்டகைகளுக்கு நடுவே நடந்தார். ஒன்றின் முன்னால் நின்று அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். அடுத்ததற்குப் போனார். ஷாஹேராவைக் கூடவரச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. பதினைந்தாவதோ பதினாறாவதோ கொட்டகையில் ஒரு பெண் தட்டில் கிச்சடியை வைத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டார். அந்த நேரத்தில் தெற்கோரத்தில் கூச்சல் கிளம்பியது. கடைசி வரிசையில் தண்ணீர் ஏறி, இரண்டு அடுப்பு அணைந்துவிட்டது.

அவர் தட்டைக் கொடுத்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்தார்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"அறுபத்தொண்ணு சார்" என்றாள் லைலி.

"ஒரு டேப்ல சாயங்காலம்வரை ஆகும். அதுக்குள்ள இந்த எடமே இருக்காது." அவர் தன் பையிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்தார். ஷாஹேராவைப் பார்த்து விரலை நீட்டினார். "எண்ணுறேன். ஆனா ஒண்ணு. இவங்க நிரந்தரமாத் தங்குற இடம் கிழக்கே இருக்கற திட்டு, படத்துல அது இல்லை, அதனாலதான் இப்படி நடந்துச்சுன்னு அறிக்கையில எழுதுவேன். நடந்தது நடந்தபடி எழுதுவேன்."

"அதைத்தானே சார் அஞ்சு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எழுதுங்க."

அவர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு தெற்கு வரிசையிலிருந்து ஆரம்பித்தார். லைலி வடக்கிலிருந்து வந்தாள். எண்ணி முடித்த வீட்டுக்காரர்கள் உடனே தகரத்தைப் பிரித்துப் படகில் ஏற்றினார்கள். எண்ணாதவர்களின் அடுப்பை மற்றவர்கள் தூக்கி மேட்டில் வைத்தார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி பெயர் சொன்னார்கள், வயது சொன்னார்கள். ஒரு பெண்ணுக்குத் தன் வயது தெரியவில்லை. அவள் எந்த வெள்ளத்தில் பிறந்தாள் என்று பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சண்டை போட்டு முடிவுசெய்தார்கள். பேபாரி கொஞ்ச நேரம் குடையோடு நின்று பார்த்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு ஒரு மூங்கில் கட்டின் முனையைப் பிடித்துத் தூக்கினார்.

கடைசியாகப் படகில் உட்கார்ந்திருந்த கசிமுத்தீனிடம் லைலி தண்ணீரில் இறங்கி நடந்து போனாள். தண்ணீர் அவளுக்கு இடுப்பளவு. டேப்பைத் தலைக்குமேல் பிடித்திருந்தாள்.

"கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, மனைவியை இழந்தவரா சாச்சா?"

கிழவர் தெற்கே ஒருமுறை பார்த்தார். "ஆனவன்னு போடு" என்றார். லைலி ஷாஹேராவைப் பார்த்தாள். ஷாஹேரா மெல்லத் தலையை ஆட்டி மறுத்தாள். "இழந்தவர்னு போடும்மா. கணக்கு சரியா இருக்கணும்" என்றாள். பிறகு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று வீடு, அறுநூற்றுப் பதினொரு பேர். அன்று திரும்பும்போது ஆற்றில் போனது ஒன்பது தகரமும் சகினாவின் ஒரு பானையும். அந்த மணல் துண்டு அதிலிருந்து மூன்றாம் நாள் முழுவதுமாக முங்கிப்போயிற்று.

அதோடு எல்லாம் சுமுகமாக முடிந்துவிடவில்லை. மேலிடத்திலிருந்து ஷாஹேராவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அரசுப் பணியைத் திசைதிருப்பியதாக அதில் இருந்தது. அவள் இரண்டு பக்கத்துக்குத் தன் கையாலேயே பதில் எழுதி, நூற்று நாற்பத்து மூன்று வீட்டாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி அனுப்பினாள். பதிலுக்குப் பதில் வரவில்லை. மஃபிஜுல் சாரும் ஏதோ பேச்சுக் கேட்டதாக லைலி சொன்னாள். ஆனால் அவருடைய அறிக்கை மேலே போயிருந்தது. எண்ணிக்கை வெளிவந்த அன்று காஜிர்பாடா பட்டியலில் ஏழாம் வார்டுக்கு எதிரே அறுநூற்றுப் பதினொன்று என்று அச்சாகியிருந்தது. கூட்டத்தில் ஷாஹேரா அதை எழுந்து நின்று வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆறு வடிந்து, மணல் காய்ந்து, கடலை விதைக்கிற சமயத்தில் நில அளவைக்காரர் ஒருவர் இரண்டு ஆட்களோடும் முக்காலிக் கருவியோடும் புதுத்திட்டில் வந்து இறங்கினார். திட்டைப் படத்தில் ஏற்ற உத்தரவு வந்திருந்தது. வடக்கு முனையில் கருவியை நட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் சுற்றளவை முடித்துவிடலாம் என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெக்குப் பக்கம் நாணலுக்கு அந்தாண்ட ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கு. அங்க பன்னெண்டு வீடு இருக்கு" என்றாள் ஷாஹேரா.

"அங்கவரைக்கும் போகணுமா? வெயில் ஏறுதே. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்."

"நான் கூடவே வர்றேன்."

"ரெண்டு மூணு மணி நேரம் நடக்கணும்."

"நடப்போம்" என்று அவள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைக் குனிந்து எடுத்துக் கையில் பிடித்தாள். "இந்த முனையை நான் பிடிச்சுக்கறேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறீங்க, சொல்லுங்க."